கொடும்பாவிக்குப் பேண்ட் போட்ட வருஷம்

மேகத்தைப் பார்ப்பதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம், அதற்கு ஒரு கப்பல் என்று என் மகள் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. வலங்கைமானுக்கும் குடவாசலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில் மேகத்தைப் பார்க்காதவர் யார்? ஐப்பசி பிறந்துவிட்டால் பல் தேய்க்கும்போதே கிழக்கே பார்ப்போம். அதற்கு எங்களுக்கு யாரும் சம்பளம் கொடுத்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். பஸ் போர்டு, பேப்பரில் பெரிய எழுத்து, ரேஷன் கடைப் பலகை, அவ்வளவுதான். அதை வைத்து என்னை ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. என் கொழுந்தன் அதில் முதல் ஆள். வீட்டுக்காரர் போன பிறகு, "உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வெயில்ல அலைச்சல், நிலத்தை எங்கிட்ட விட்டுடுங்க" என்று வருஷா வருஷம் கேட்பான். நானும் வருஷா வருஷம் மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அவன் வயல் வாய்க்காலின் தலைமாட்டில். என் வயல் கடைசியில். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். மதகுப் பலகையை எடுப்பதும் போடுவதும் அந்த வருஷம் அவன் பொறுப்பு. அம்மன் கோவிலில் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் பலகையைத் தொடுவார்கள். சாவுத் தீட்டு உள்ளவன் தொடக் கூடாது. அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பலகை கைக்கு வந்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. மீசையை வேறு முறுக்கி விட்டுக்கொண்டான்.

எனக்கு ஒரே மகள். தஞ்சாவூரில் படித்து, அப்புறம் வடக்கே போய்ப் படித்து, அங்கேயே மேகத்தை ஆராய்கிற ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது ஒரு தனிச் சண்டை. அந்தப் புரட்டாசியில் போன் செய்து கப்பலில் போகப் போகிறேன் என்றாள்.

"கப்பல்ல உனக்கு என்னடி வேலை?"

"ராடார் வச்சிருக்கோம்மா. மேகத்துக்குள்ள மழைத்துளி எங்கெங்க இருக்கு, எவ்வளவு பெருசு, எந்தப் பக்கம் போகுதுன்னு அது பார்க்கும்."

"கரையில நின்னு பார்த்தா தெரியாதா?"

"கரையில இருக்கிற ராடாருக்கு அவ்வளவு தூரம் எட்டாதும்மா. நம்ம ஊருக்கு வர்ற மேகம் நடுக்கடல்லதானே பொறக்குது. பொறக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கணும்."

"பிரசவம் பார்க்கப் போறியாக்கும்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

கப்பல் எவ்வளவு ஆடினாலும் ராடார் ஆடாதாம். அது உட்கார்ந்திருக்கிற மேடை எதிர்ப்பக்கம் சாய்ந்து சரிக்கட்டிக்கொள்ளுமாம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து வரப்பில் நடக்கிறவள் செய்கிற காரியம்தான். அதற்கு ஒரு மெஷின். இது போதாதென்று ஒரு விமானமும் உண்டு. ஒரே மேகத்துக்குள் முதலில் தாழ்வாக, அப்புறம் கொஞ்சம் மேலே, அதற்கும் மேலே என்று மாடி மாடியாகப் புகுந்து வருமாம். இறக்கைக்கு அடியில் கருவிகளைக் கட்டித் தொங்கவிட்டு, துளிகளை அளந்துகொண்டே போகுமாம். அது உள்ளே பார்க்கிற நேரத்தில் கப்பல் ராடார் வெளியிலிருந்து பார்க்கும். இரண்டும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று இவர்கள் ஒத்திட்டுப் பார்ப்பார்கள். ஒரு மேகம் ஏன் பெரிதாகிக் கூட்டம் சேர்க்கிறது, இன்னொன்று ஏன் அப்படியே அடங்கிப்போகிறது, இதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

கப்பலிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். கவிழ்த்து வைத்த கல்யாண அண்டா மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை. அதற்குள்தான் ராடார். பக்கத்தில் இவள், பேண்டும் சட்டையும் போட்டு, தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பியோடு. அந்தப் படம் எங்கள் பக்கத்துப் பேப்பரிலும் வந்தது. தெரு முழுக்க நான்தான் கொண்டுபோய்க் காட்டினேன். காட்டினால் என்ன? தங்கள் பேரனுக்குப் பல் முளைத்ததைக்கூட இவர்கள் எனக்குக் காட்டவில்லையா? கோவில் வாசலில் நாலு பேர் கேட்க, "வங்காள விரிகுடா மேகம் அத்தனையும் இப்ப எம் பொண்ணு கண்ணுல படாம நகராது" என்று சொன்னேன். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கொழுந்தனும் அங்கே நின்றிருந்தான்.

ஐப்பசி பாதி ஆகியும் மழை இறங்கவில்லை. கிழக்கே கருத்துக்கொண்டு வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலைந்துவிடும். நேரடியாக விதைத்த சம்பா ஒரு சாண் உயரத்தில் நின்று பழுத்துப்போய்க்கொண்டிருந்தது. என் வயலில் கால் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. போர் போட்டுப் பார்த்த இடத்தில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. முறைத் தண்ணீரை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

அந்த நாட்களில் வானத்தில் விமானச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து எப்போதும் கேட்கிற சத்தம்தான். மழை பெய்கிற வருஷத்தில் அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது களை எடுக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். எந்த விமானம் போனாலும் மேகத்தைக் கலைக்கத்தான் போகிறது, அதில் என் மகள்தான் இருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. கப்பலில் இருக்கிறவள் விமானத்தில் எப்படி இருப்பாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கொழுந்தன் டீக்கடையில் அந்தப் பேப்பரை விரித்து வைத்து எல்லாருக்கும் படித்துக் காட்டினானாம். வாய்க்கால் கரையில் என்னைப் பார்த்தபோதும் விடவில்லை.

"அண்ணி, நம்ம பொண்ணு அங்க மேகத்தை நிறைய வச்சிருக்காளாமே. சித்தப்பாவுக்குன்னு ஒரு துண்டு அனுப்பச் சொல்லுங்களேன்."

"உனக்கு எதுக்கு தம்பி மேகம்? மதகே உங்கிட்டதானே இருக்கு."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டேன். கப்பலில் எப்போதாவதுதான் லைன் கிடைக்கும். அன்றைக்குக் கிடைத்தது.

"உங்க விமானம் நம்ம ஊர் மேல பறக்குதா? உள்ளதைச் சொல்லு."

"இல்லம்மா. சென்னையில கிளம்பி நேரா கடலுக்குப் போயிடும். நம்ம ஊர்ப் பக்கமே வராது. யாரு சொன்னது?"

"யாரோ. மழை எப்ப வரும்?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. மழை அறிவிப்பு எங்க வேலை இல்ல. அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க."

"மேகத்துக்குள்ள புகுந்து பார்க்கிறவளுக்கு அது எப்ப பெய்யும்னு தெரியாதாக்கும்?"

"அது தெரியாமத்தாம்மா புகுந்து பார்க்கிறோம்." பிறகு குரல் மாறி, ஆசையாகச் சொன்னாள்: "நேத்து பார்க்கணுமே நீ! கப்பலைச் சுத்தி அடிச்சு ஊத்துச்சு. ராடார் திரையில ஒரே சிவப்பு. நாங்க எல்லாரும் கை தட்டினோம்."

"எங்க ஊத்துச்சு?"

"கடல்லதாம்மா."

போனை வைத்துவிட்டேன். கடலில் கொட்டுகிற மழைக்குக் கை தட்டுகிறவளைப் பெற்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு ஊர் மேல் இருந்த கோபத்தைவிட அவள் மேல் இருந்தது பெரியது. ஆனால் அது என் கோபம். என் மகள் மேல் நான் கோபப்படுவேன். அதில் ஊருக்குப் பங்கு கிடையாது.

கடைசியில் கொடும்பாவி கட்டுவது என்று கோவிலில் கூடிப் பேசினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பொய்த்துப்போனால் அதற்கு ஒரு பெரும் பாவி காரணம் என்று வைத்து, வைக்கோலில் பெண் உருவம் செய்து, கிழிந்த புடவை சுற்றி, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். சாவு மேளம் அடிப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கூலிக்கு ஒருவன் கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பான். கடைசியில் ஆற்று மணலில் வைத்துக் கொளுத்துவார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உருவத்தின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கைப்பிடி அரிசி போட வேண்டும். ஊற்றாத வீடு மழை வேண்டாம் என்று சொன்ன வீடு. அந்த வீட்டு வயலுக்கு முறைத் தண்ணீர் கிடையாது.

நானும் அதற்கு முன்னால் ஊற்றியிருக்கிறேன். அந்தப் பாவிக்குப் பெயர் கிடையாது. யாரும் இல்லாத ஒருத்தி. ஊருக்குப் பொதுவாகச் செத்துப்போகிறவள்.

இந்தத் தடவை எதிர்வீட்டுக்காரி வந்து கொல்லைப்புறமாக நின்று சொன்னாள்: "அக்கா, கொடும்பாவிக்குப் பேண்ட் மாட்டியிருக்காங்கக்கா. தொப்பியும் வச்சாச்சு. உன் கொழுந்தனாரு வீட்டுக் களத்துலதான் கட்டுறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? நீயும்தானே மாரடிக்கப் போற."

"ஊரோட ஒத்துப் போகணும்ல" என்றபடி போய்விட்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் அந்தப் பாவி என் மகள்தான் என்று நானே என் கையால் ஒப்புக்கொண்டதாக ஆகும். ஊற்றாவிட்டால் பயிர் போகும். பயிர் போனால் நிலத்தைக் கேட்டு அவன் மறுபடி மோர் குடிக்க வருவான். ஒரு போகம் போனால் அடுத்த போகம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பாவி என்று வாசலில் வைத்துப் பெயர் சூட்டிவிட்டால், என் மகள் இந்த ஊர் வரப்பில் எப்படிக் கால் வைப்பாள்? அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு வராதா?

நான் அவசரப்படவில்லை. தலைக்குக் குளித்தேன். சோறு வடித்துச் சாப்பிட்டேன். பெட்டியைத் திறந்து என் பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்து வாசற்படியில் வைத்தேன். குடத்தை நிரப்பி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வெயில் தாழ வந்தார்கள். மேளம், அழுகை, புழுதி. வைக்கோல் உருவத்துக்கு நீலப் பேண்ட். தலையில் ஆரஞ்சுத் தொப்பி, பேப்பரில் வந்த அதே நிறம். எங்கே தேடிப் பிடித்தார்களோ. கையில் வாழை மட்டையில் செய்த விமானம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். மேளக்காரருக்கு முன்னால் கொள்ளிச் சட்டியோடு கூலி ஆள். அவனுக்கும் முன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொழுந்தன். என் வாசலில் எல்லாம் நின்றது.

"தண்ணி ஊத்துங்க அண்ணி."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். "செத்தது யாரு தம்பி?"

"கொடும்பாவி."

"அது தெரியுது. பேரு என்ன?"

"கொடும்பாவிக்குப் பேரு ஏது அண்ணி. ஊருக்கு மழை வேணும்னு செய்யறது."

"பேரு இல்லாதவளுக்குத் தொப்பி எதுக்கு?"

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "மேகத்தை விரட்டுறவ தொப்பி போட்டுக்கிட்டுத்தான் விரட்டுவா!" ஒரே சிரிப்பு.

"விரட்டலடா. பார்க்கிறா. கப்பல்ல இருக்கிற ராடார் பார்க்கிறதோட சரி. தொடாது. அந்த விமானம் நம்ம ஊர்ப் பக்கமே வராது, கடலுக்குப் போகுது. இதோ நிக்கிறாரே எங்க தம்பி, இவரும்தான் தினம் வரப்புல நின்னு எம் வயலைப் பார்க்கிறாரு. அதனால எம் பயிர் கருகிடுச்சா?"

"கருகித்தானே கிடக்கு!" என்று எதிர்வீட்டுக்காரி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை சிரிப்பு கொழுந்தன் பக்கம் திரும்பியது. அவன் முகம் கடுகடுவென்று ஆனது.

"நேரமாகுது அண்ணி. ஊத்துவீங்களா மாட்டீங்களா? ஊத்தலைன்னா முறை கிடையாது. ஊர்ப் பேச்சு."

குடத்தைக் கீழே வைத்தேன்.

"ஊத்துறேன். முறைப்படியே எல்லாம் செய்வோம். இது எம் பொண்ணுதான்னே வச்சுக்குவோம். அவளுக்கு அப்பா இல்ல. கூடப் பொறந்தவன் இல்ல. கட்டினவனும் இல்ல. அப்ப கொள்ளி போட வேண்டியவன் யாரு? சித்தப்பன். நீ குத்துக்கல்லாட்டம் உயிரோட நிக்கும்போது, கூலிக்கு ஒரு ஆளு சட்டி தூக்கினா ஊரு என்ன பேசும்? சட்டியை வாங்கு தம்பி."

மேளம் தானாகவே நின்றுவிட்டது.

"ஆத்தங்கரைக்குப் போனதும் மொட்டை அடிச்சுக்க. மீசையையும் எடுத்துடணும். பதினாறு நாள் தீட்டு. அதுவரைக்கும் கோவில் பக்கம் வராத, மதகுப் பலகையைத் தொடாத. பலகையை இப்பவே வேற ஆளுகிட்ட ஒப்படைச்சுடு."

சட்டி வைத்திருந்தவன் நிஜமாகவே முன்னால் வந்தான். "அம்மா சொல்றது ஞாயந்தானுங்க. இந்தாங்க, பிடிங்க. எனக்கும் கை சுடுது."

கொழுந்தன் இரண்டு அடி பின்னால் போனான். கை மீசைக்குப் போய்விட்டு வந்தது. "என்ன அண்ணி விளையாட்டு இது? இது உங்க பொண்ணுன்னு யாரு சொன்னா?"

"நீதான் சொல்லணும். அவளா இல்லையா?"

"இல்ல."

"யாரு இல்ல? எல்லாருக்கும் கேட்கட்டும்."

"எங்க அண்ணன் பொண்ணு இல்ல! போதுமா?"

போதும் என்றேன். தொப்பியை எடுத்தேன். விமானத்தைப் பிடுங்கி சாக்கடையில் போட்டேன். பேண்டை உருவும்போதுதான் இடுப்பு பெல்ட்டில் இருந்த பெரிய வெள்ளிப் பூண் கண்ணில் பட்டது. போன பொங்கலுக்கு வந்திருந்த கொழுந்தனின் மருமகன் இதைப் போட்டுக்கொண்டு தெருவை இரண்டு தடவை சுற்றி வந்தவன்.

"மாப்பிள்ளை பேண்டையா கொடும்பாவிக்குப் போட்ட?" என்றேன். "உன் பொண்ணுகிட்டச் சொல்லிட்டியா?"

பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். நான் சுங்குடிப் புடவையை உருவத்துக்குச் சுற்றிவிட்டேன். அப்புறம் குடத்துத் தண்ணீரை முழுக்க ஊற்றி, கை நிறைய அரிசி போட்டேன். பேரில்லாதவளாக அவள் தெருவைத் தாண்டிப் போனாள்.

முறைத் தண்ணீர் எனக்கு வந்தது. அவன் பலகையைப் பாதிதான் தூக்கினான். நான் கரையில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் தம்பி, இன்னும் கொஞ்சம்" என்று முழுக்கத் தூக்க வைத்தேன். கடைசி மடை நனைகிறவரைக்கும் அங்கிருந்து நகரவில்லை.

அதற்குப் பிறகு சில நாளில் மழை பிடித்துக்கொண்டது. நின்று பெய்தது. ஊரில் எல்லாரும் கொடும்பாவி கட்டியதால் வந்த மழை என்றார்கள். பெய்யாதபோது என் மகள் காரணம், பெய்தபோது வைக்கோல் காரணம். அவள் கூப்பிட்டு, "அம்மா, ஒரு பெரிய மேகக் கூட்டம் கரைப்பக்கம் போறதை ராடார்ல பார்த்தோம். அங்க மழை வந்துச்சா?" என்றாள். வந்தது என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள், இல்லாவிட்டால் அழுவாள். இரண்டையும் போனில் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

மார்கழியில் கதிர் பால் பிடித்தபோது குருவிகள் இறங்கின. அந்தப் பேண்டில் வைக்கோலை அடைத்து, அந்தத் தொப்பியையே வைத்து, ஊரிலிருந்து மதகுக்குப் போகிற என் வயல் வரப்பில் நட்டு வைத்தேன். முகத்தை அவன் வயலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பலகையைத் தூக்கவோ போடவோ போகும்போதெல்லாம் அவன் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எடுத்துவிடச் சொல்லி ஆள் விட்டுப் பார்த்தான். குருவி தொல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அறுவடைக்கு மகள் வந்தாள். கறுத்துப்போயிருந்தாள். வயலுக்கு வந்தவள் அந்தப் பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அம்மா! அந்தத் தொப்பி என் தொப்பி மாதிரியே இருக்கே. யாரு வச்சது?"

"நான்தான் வச்சேன். தொப்பி உங்க சித்தப்பா வீட்லேர்ந்து வந்தது. பேண்டும் அங்கேர்ந்துதான்."

"பேப்பர்ல பார்த்துட்டு எனக்காகவா?" அவளுக்கு ஒரே சந்தோஷம். போனை எடுத்துப் படம் பிடித்தாள். கப்பலில் கூட இருந்தவர்களுக்கெல்லாம் அனுப்ப வேண்டுமாம். "சித்தப்பா அங்க மதகுகிட்டதானே நிக்கிறாரு? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

"போ. போய்ச் சொல்லிட்டு வா" என்றேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். அவள் வருவதை அவன் பார்த்துவிட்டான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இல்லாத வேலை ஒன்றைப் பார்க்கப் போகிறவன் மாதிரி வேகமாக நடந்தான். "சித்தப்பா, சித்தப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் பின்னால் போனாள். அது நீளமான வரப்பு. நான் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.